மாமா பாதியில் விட்ட பீட்டர்பில்ட் 359: பிரித்துச் செய்வதா, அப்படியே தொடர்வதா?

ஜெலுத்தோங்_கன்ப்ளா எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். இத்தனை நாளாகச் சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போகிற ஆள் நான், இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன். ஏழெட்டு வருசமாகக் கன்ப்ளா, அதாவது பசையில்லாமல் மாட்டுகிற கண்டம் ரோபோ மாடல்கள், மட்டும் செய்கிறேன், வேறு எதுவும் செய்ததில்லை, மாடல் பசையைக் கையால் தொட்டதே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்டுகிறவர்கள் அதையும் கணக்கில் வைத்துத் திட்டுங்கள்.

விசயம் இதுதான். என் பெரிய மாமா, அம்மாவுக்கு அண்ணன், பிறையில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டி ஓய்வு பெற்றவர். 74 வயது. தனியாக இருந்தவரைப் போன மாதம் ஃப்ளாட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். சாமான் கட்டும்போது அலமாரிக்கு மேலே பழைய கைலியில் சுற்றி இரண்டு அட்டைப் பெட்டி கிடைத்தது. ஒன்று ஏஎம்டி கம்பெனியின் பீட்டர்பில்ட் 359 அமெரிக்க லோரி மாடல், இன்னொன்று ஃப்ரூஹாஃப் நாற்பதடி டிரெய்லர், இரண்டும் 1/25, அதாவது நிஜத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. 80-களில் சிங்கப்பூருக்குச் சரக்கு ஏற்றிப் போனபோது வாங்கினாராம். அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், ராத்திரி ஓட்டம், அப்படியே நின்றுவிட்டது.

டிரெய்லர் பெட்டியை அவர் தொடவே இல்லை, பாகம் எல்லாம் ரன்னர் சட்டத்திலேயே வெட்டாமல் இருக்கிறது. லோரிப் பெட்டிதான் பிரச்சினை. இஞ்சினை முழுக்க ஒட்டிப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார், தூரிகையால், ஒரு முடி பெயிண்டுக்குள்ளேயே மாட்டிக் காய்ந்திருக்கிறது. சேசிஸையும் ஒட்டியிருக்கிறார், ஆனால் கோணல். மேசையில் வைத்தால் பின்பக்கம் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது, அதன் அடியில் இரண்டு ஐம்பது காசு நாணயத்தை அடுக்கிச் செருக முடிகிறது. டயர் ஒன்று பானெட் மேலேயே இத்தனை வருசம் கிடந்து பானெட்டை உருக்கிவிட்டது. பிரித்து எடுத்தேன், டயரின் தடக்கோடு அச்சு அச்சாகப் பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கிறது, விரலால் தடவினால் இன்னும் பிசுபிசுக்கிறது. தண்ணீரில் ஊற வைத்து ஒட்டுகிற டெக்கால் படத்தாள் தேத்தாரே, அதாவது பால் தேநீர், நிறத்துக்கு வந்துவிட்டது.

எல்லாவற்றையும் பிரித்து, பெயிண்டை உரித்து, முதலிலிருந்து சுத்தமாகச் செய்வதா? இல்லை, அவர் செய்ததை வைத்துக்கொண்டே மேலே போவதா? மாமாவுக்குக் கண் அறுவை முடிந்துவிட்டது, பார்வை பரவாயில்லை, கைதான் நடுங்குகிறது. அவரிடம் கேட்டால் "உனக்கு எப்படித் தோணுதோ செய்" என்கிறார், ஆனால் நான் பெட்டியைத் திறந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்.


செந்தூல்_ஸ்டைரீன் எழுதியது:

தம்பி, முதலில் எதையும் ஒட்டாதீர்கள், எதையும் பிரிக்கவும் செய்யாதீர்கள். விளக்கத்தாளைத் தரையில் விரித்துப் பாகங்களை எண்ணுங்கள். கன்ப்ளாவில் எண் போட்ட ரன்னரில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், தொலைவதற்கு வழியே இல்லை. பழைய லோரி கிட் அப்படியில்லை. கண்ணாடிப் பிடி, படிக்கட்டு, புகைக்குழாய் மூடி, இந்த மாதிரிச் சின்னது ஏதாவது ஒன்று நிச்சயம் பெட்டியில் இருக்காது. அது தெரியாமல் ஆரம்பித்தால் கடைசி வாரத்தில் தலையில் கை வைத்து உட்காருவீர்கள்.

பெட்டி ஓரத்தில் கம்பெனிப் பெயர் எப்படிப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஏஎம்டி அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கம்பெனி. 1978-இல் அதை லெஸ்னி வாங்கியது, மேட்ச்பாக்ஸ் சின்னக் கார்கள் செய்த அதே இங்கிலாந்து லெஸ்னிதான். 80-களின் தொடக்கத்தில் எர்ட்ல் என்ற கம்பெனி கைக்குப் போனது. பெட்டியில் லெஸ்னி பெயர் இருந்தால் இடையில் வந்த அந்தக் கொஞ்ச வருசத்துப் பெட்டி என்று அர்த்தம். இப்போது ஏஎம்டி பெயரில் ரவுண்ட் 2 என்ற கம்பெனி பழையவற்றை மறுபடியும் போடுகிறது, 359-உம் அதில் வந்திருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கிட்டில் எது போனாலும் உலகம் முடிந்துவிடாது.

பசை விசயம். கன்ப்ளாவில் பாகம் பாகத்தைக் கடித்துப் பிடிக்கும். இதில் எதுவும் எதையும் கடிக்காது, சில இடத்தில் முளையும் ஓட்டையும் ஒன்றை ஒன்று பார்த்ததுகூட இல்லை என்கிற மாதிரி இருக்கும். ஒட்டும் முன் ஒவ்வொன்றையும் சும்மா வைத்துப் பாருங்கள், ஓரத்தில் வழிந்து நிற்கும் பிளாஸ்டிக்கைக் கத்தியால் சீவுங்கள், மறுபடி வைத்துப் பாருங்கள். இந்தக் கிட் பிளாஸ்டிக்குக்குப் பெயர் ஸ்டைரீன். ஸ்டைரீன் பசை மரப்பசை மாதிரி ஒட்டுவதில்லை, இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கிவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடும். வெல்டிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் பெயிண்ட் மேலேயோ குரோம் மேலேயோ வைத்தால் பிடிக்காது, ஒட்டும் இடத்தை மட்டும் சுரண்டி வெறும் பிளாஸ்டிக் தெரிய வைக்க வேண்டும். தமியா எக்ஸ்ட்ரா தின், பச்சை மூடி போட்ட குப்பி, அதை வாங்குங்கள். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் தூரிகை நுனியைத் தொட்டால் போதும், பசை தானாக உள்ளே ஓடும். விரல் அந்த இடுக்கின் மேல் இருக்கக் கூடாது. என் முதல் கேபினில் என் கட்டைவிரல் ரேகை இன்னும் இருக்கிறது, போலீசுக்கே கொடுக்கலாம், அவ்வளவு தெளிவு.

இப்போது உங்கள் கோணல் சேசிஸ். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். நீளக் கம்பி இரண்டும் வெப்பத்தில் வளைந்திருக்கலாம், அல்லது கம்பி நேராக இருந்து குறுக்குச் சட்டங்களைக் கோணலாக ஒட்டியிருக்கலாம். ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் துப்பாக்கிக் குறி பார்ப்பது போல் பாருங்கள். கம்பியே பாம்பு மாதிரி நெளிந்தால் அது வளைவு. கம்பி நேராக இருந்து ஒன்று மேலே ஒன்று கீழே நின்றால் ஒட்டினதில் தப்பு.

ஒட்டினதில் தப்பு என்றால் பையில் போட்டு ஒரு ராத்திரி ஃபிரீசரில் வையுங்கள். பழைய டியூப் பசை குளிரில் முறுகிவிடும், காலையில் மெல்லத் திருகினால் டக்கென்று விடும். எல்லா இடத்திலும் விடாது, நன்றாகக் கரைந்து ஒன்றாகிப்போன இடம் விடவே விடாது, அங்கே மெல்லிய ரம்பம்தான். வீட்டில் சொல்லிவிட்டு வையுங்கள், நெத்திலிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் நான் வைத்த கேபினைப் பற்றி என் மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வளைவு என்றால் சுடுதண்ணீர். ஸ்டைரீன் 100 டிகிரிக்குப் பக்கத்தில் போனாலே இளகிவிடும், ஆகவே கொதிக்கக் கொதிக்கப் போடாதீர்கள், இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் விட்டு, பாகத்தை முக்கி எடுத்து, வளைவுக்கு எதிர்ப்பக்கம் துளி கூடுதலாக வளைத்துப் பிடித்தபடியே பைப் தண்ணீரில் காட்டுங்கள். ஒரே தடவையில் நிமிராது. அவசரப்பட்டால் உடையும். அப்புறம் ஒட்டும்போது கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் வைத்து ஒட்டுங்கள், மேசையை நம்பாதீர்கள். அச்சும் சக்கரமும் போட்டதும் ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். எங்கேயாவது தாள் தடையில்லாமல் நுழைந்தால் அந்தச் சக்கரம் காற்றில் நிற்கிறது, பசை முழுக்க இறுகுவதற்குள் சரி செய்ய வேண்டும்.

இஞ்சினை மட்டும் தொடாதீர்கள். முடி மாட்டியிருக்கிறது என்கிறீர்களே, அந்த முடியோடேயே இருக்கட்டும்.


கிள்ளான்_சீல்பெட்டி எழுதியது:

எல்லாரும் ஒட்டு ஒட்டு என்கிறீர்கள், ஒரு மாற்றுக் கருத்துக்காவது இடம் கொடுங்கள். லோரி திறந்து ஒட்டின பெட்டி, அதற்குச் சேகரிப்பவர்களிடம் பெரிய மதிப்பு இல்லை, சரி, அதைச் செய்துகொள்ளட்டும். டிரெய்லர் தொடாத பெட்டி. பாகம் முழுசாக இருந்து விளக்கத்தாளும் டெக்காலும் கூடவே இருந்தால் வாங்க ஆள் இருக்கிறது. அதை விற்றுவிட்டு, அதே ஃப்ரூஹாஃப் டிரெய்லர் வகையில் புதிதாக வந்ததை வாங்கினால் வளையாத பாகம், மஞ்சளாகாத டெக்கால், புது டயர், கையில் கொஞ்சம் வெள்ளியும் மிஞ்சும். பழையதில் தலையை உடைத்துக்கொள்வதில் என்ன பெருமை என்று எனக்குப் புரியவில்லை. பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் வார இறுதிச் சந்தைக்குப் போனால் பழைய பெட்டி தேடுகிறவர்களை நீங்களே பார்க்கலாம்.


செந்தூல்_ஸ்டைரீன் எழுதியது:

கணக்குச் சரிதான், மறுக்கவில்லை. ஆனால் மனிதர் லோரியையும் டிரெய்லரையும் ஒரே கைலியில் சுற்றி வைத்திருக்கிறார். இப்போது போய் ஒன்றை விற்றால் லோரி எதை இழுக்கும், அந்தக் கைலியையா?

புதுப் பெட்டியை வாங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது: பானெட். உருகின பானெட்டைத் தேய்த்துச் சரி செய்யலாம், முடியாவிட்டால் புது 359-இல் இருந்து எடுத்துக்கொள்ளலாம், மிச்சம் இருப்பது உங்களுக்கு உதிரிபாகப் பெட்டி. ஆனால் முதலில் தேய்த்துப் பாருங்கள். வினைல் டயரில் அது விறைக்காமல் இருக்க ஒரு எண்ணெய் மாதிரிப் பொருள் கலந்திருக்கும், அது காலப்போக்கில் கசிந்து பக்கத்தில் படுகிற ஸ்டைரீனைக் கரைக்கும். உங்கள் விரலில் பிசுபிசுக்கிறது அதுதான். அந்த இளகின பாகத்தைக் கத்தியின் முதுகால் வழித்து எடுத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் காய விட்டு, பள்ளம் நிரப்புகிற புட்டி வைத்து, 400 உப்புத்தாளில் ஆரம்பித்து 600, 1000 என்று போங்கள். புட்டியை ஒரே தடவையில் மலையாகக் குவிக்காதீர்கள், மெல்லிசாக இரண்டு மூன்று தடவை, இல்லாவிட்டால் உள்ளே காயாமல் ஒரு மாதம் கழித்து குழி விழும். இதே கதை சக்கரத்திலும் நடக்காமலிருக்க, டயர் மாட்டும் முன் ரிம்மைச் சுற்றிப் பைப்புக்காரர்கள் சுற்றுகிற வெள்ளை டெப்லான் டேப் ஒரு சுற்று. மாட்டினபின் வெளியே தெரியாது.


பழைய_டிரெய்லர்காரன் எழுதியது:

நான் இந்த விளையாட்டுச் சாமான் செய்கிறவன் இல்லை. பட்டர்வொர்த்தில் 26 வருசம் டிரெய்லர் ஓட்டினேன். என் மகன் இதைப் படித்துவிட்டு "அப்பா, உங்க ஆளு ஒருத்தர் கதை" என்று காட்டினான், அதனால் எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் மாமா அந்த மூக்கு நீண்ட லோரியை ஏன் வாங்கினார் என்று எனக்குத் தெரியும். நாங்கள் ஓட்டினது எல்லாம் மூஞ்சி தட்டை. வோல்வோ எஃப்10, அப்புறம் ஜப்பான்காரன் வண்டிகள். இஞ்சின் மேலேயே உட்கார்ந்திருப்போம், மத்தியானம் தொடைக்குக் கீழே தோசைக்கல் மாதிரி இருக்கும். அமெரிக்காக்காரன் லோரியைப் படத்தில் பார்த்தால் டிரைவருக்கு முன்னால் அத்தனை நீளத்துக்கு இரும்பு, சூடு எல்லாம் அங்கே. அதைப் பார்த்து ஏங்காத டிரைவர் எங்கள் காலத்தில் கிடையாது.

செய்யும்போது சில விசயத்தைக் கவனியுங்கள், பெட்டியில் படம் பார்த்துச் செய்கிறவர்களுக்கு இது தெரியாது. டிரெய்லரைத் தாங்கிப் பிடிக்கிற ஃபிஃப்த் வீல் தட்டைப் பளபளவென்று வெள்ளியாக அடிக்காதீர்கள், அது எப்போதும் கிரீஸ் பூசிக் கறுப்பாகத்தான் இருக்கும், நடுவில் டிரெய்லரின் கிங் பின் முளை உரசுகிற இடம் மட்டும் இரும்பு தெரியும். டிரெய்லரின் முன் கால்கள், லோரி மாட்டியிருந்தால் மேலே தூக்கி இருக்க வேண்டும். கால் தரையில் நிற்க லோரியும் மாட்டியிருக்கிற ஒரு மாடலைக் கடைக் கண்ணாடிக்குள் பார்த்தேன், அப்படியே எடுத்தால் கால் பிய்ந்துகொண்டு போகும், என்ன டிரைவர் அவன். கேபினுக்குப் பின்னாலிருந்து டிரெய்லருக்குப் போகிற காற்றுக் குழாய் இரண்டும், கரண்ட் வயர் ஒன்றும் கட்டாயம். அது இல்லாமல் பிரேக் எங்கிருந்து வரும்? கேபின் கதவில் வெறும் வண்டி எடை, சரக்கோடு எடை என்று எழுத்து இல்லாவிட்டால் நம் ஊர் ஜேபிஜே, சாலைப் போக்குவரத்து இலாகாக்காரன், விடமாட்டான் என்று மாமாவிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.


ஜெலுத்தோங்_கன்ப்ளா எழுதியது:

அங்கிள், நீங்கள் எழுதினதை மாமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தோசைக்கல் என்ற இடத்தில் "ஆமா ஆமா" என்று தொடையைத் தட்டினார். எடை எழுத்து வேண்டுமாம். அது மட்டுமில்லை, அவர் கடைசியாக ஓட்டின வண்டி வெளிர் மஞ்சளாம், அதே நிறம் அடிக்கலாமா என்று கேட்கிறார். 'உனக்கு எப்படித் தோணுதோ' என்று சொன்ன அதே மாமா. ஒரு சந்தேகம், 359-இல் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கிறதே, நம் ஊர் எழுத்து எழுதினால் அசிங்கமாக இருக்காதா?


செந்தூல்_ஸ்டைரீன் எழுதியது:

இருக்கட்டும். வண்டி அமெரிக்காவிலேயே ஓடட்டும், எழுத்து மட்டும் பிறை எழுத்தாக இருக்கட்டும், யார் கேட்கப்போகிறார்கள்.

அங்கிள் சொன்ன மூக்கு விசயத்தில் ஒரு துணுக்கு. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் தட்டை மூஞ்சி நிறைய ஓடியது. பல மாநிலங்களில் லோரியும் டிரெய்லரும் சேர்த்து மொத்தம் இவ்வளவு நீளம்தான் என்று சட்டம், மூக்கு நீண்டால் அந்த நீளம் சரக்கில் குறையும். 1982-இல் வந்த மத்திய அரசுச் சட்டம் முக்கிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீளத்துக்குக் கட்டுப்பாடு போட முடியாதபடி செய்துவிட்டது, டிரெய்லர் நீளம்தான் கணக்கு என்றாயிற்று. அதன்பிறகு மூக்கு நீண்டதுதான் ராஜா. 359 1967-இலிருந்து 1987 வரை வந்த வண்டி, அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓடியிருக்கிறது.

இதெல்லாம் முடித்துவிட்டு மாமா ஓட்டின மாதிரியே தட்டை மூஞ்சி வேண்டுமென்றால் இத்தாலேரி என்ற மாடல் கம்பெனியில் வோல்வோ எஃப்12 இருக்கிறது. ஆனால் அது 1/24. உங்கள் ஃப்ரூஹாஃபை அதில் மாட்டாதீர்கள். நாற்பதடி 1/25-இல் 48.8 சென்டிமீட்டர், 1/24-இல் 50.8. இரண்டு சென்டிமீட்டர்தானே என்று நினைப்பீர்கள், பக்கத்தில் வைத்தால் டிரெய்லர் தம்பி வீட்டுச் சட்டையைப் போட்ட மாதிரி இருக்கும்.


சுபாங்_தூரிகை எழுதியது:

வெளிர் மஞ்சள் என்றதும்தான் உள்ளே வந்தேன், ஏனென்றால் அது உங்களுக்கு அதிர்ஷ்டம் தம்பி. வீட்டுப் பிரின்டர் வெள்ளை மை அடிக்காது. கரும்பச்சை, நீலம் என்று அடித்திருந்தால் கதவில் வெள்ளை எழுத்துக்கு நாய் படாத பாடு படுவீர்கள். மஞ்சள் கதவு என்றால் நிறமில்லாத டெக்கால் தாளில் கறுப்பு எழுத்தை அச்சடித்து ஒட்டிவிடலாம். அச்சடித்ததும் தண்ணீரில் போடாதீர்கள், இன்க்ஜெட் மை கரைந்து ஓடும், மேலே கிளியர், அதாவது நிறமில்லாத வார்னிஷ், இரண்டு தடவை லேசாக அடித்துக் காய்ந்த பிறகுதான் தண்ணீர்.

பழைய டெக்காலுக்கு நம் வெயில் போதும். தாளை ஜிப் பையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக டேப் போட்டு ஒட்டுங்கள், படம் வெளியே பார்த்தபடி. ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சள் நன்றாக இறங்கும். அப்புறம் தேவையில்லாத ஒரு சின்ன டெக்காலை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நொறுங்கி மிதந்தால் மற்ற எல்லாவற்றின் மேலும் கிளியர் அடித்து அதற்குப் புதுத் தோல் கொடுத்த பிறகே தொட வேண்டும், அப்படிச் செய்தால் ஒவ்வொரு படத்தையும் ஓரம் ஒட்டி வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் இப்போது முழுத் தாளுமே ஒரே படம். ஒரு தடவை இந்தச் சோதனையைச் செய்யச் சோம்பல்பட்டு, டிரெய்லர் பக்கவாட்டில் வருகிற பெரிய எழுத்தை நேராகத் தண்ணீரில் போட்டேன். எடுத்தபோது முறுக்கு உடைத்த மாதிரி இருந்தது.

பெயிண்ட். பினாங்கில் இருக்கிறீர்கள், கடல் பக்கம், ஈரப்பதம் பற்றிச் சொல்லத் தேவையில்லை. லாக்கர் ஸ்ப்ரே அடிக்கும்போது கரைப்பான் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர வைக்கும், காற்றில் இருக்கிற ஈரம் அதன்மேல் படியும், பெயிண்ட் வெள்ளை பூத்துப் போகும். காலையில் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று பலர் காலையில் அடிப்பார்கள், அதுதான் தப்பு, நம் ஊரில் காலையில்தான் ஈரம் அதிகம். மழை இல்லாத நாளில் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள் அடியுங்கள், சாயங்கால மேகம் கூடும் முன்னால் முடித்துவிடுங்கள். வியர்த்து ஊற்றும், ஆனால் பெயிண்ட் நன்றாக உட்காரும். ஏர்பிரஷ் என்றால் பெயிண்ட் மெதுவாகக் காய வைக்கிற ரிட்டார்டர் கொஞ்சம் கலந்துகொள்ளலாம். அடிப்பதற்கு முன் பாகங்களைப் பாத்திரம் கழுவுகிற சோப்பில் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசின எண்ணெய் பழைய கிட்களில் இன்னும் இருக்கும், அதோடு இத்தனை வருசத் தூசி வேறு.

குரோம் மங்கிப் போயிருந்தால் குளோராக்ஸ் ப்ளீச்சில் ஊற வைத்தால் போய்விடும், சில பாகம் பத்து நிமிடம், சில பாகம் ஒரு ராத்திரி. தனிப் பாத்திரத்தில் செய்யுங்கள், வேறு எந்தக் கழுவு மருந்தையும் அதோடு கலக்காதீர்கள், விஷ வாயு வரும். குரோம் போனதும் அடியில் ஒரு மஞ்சள் வார்னிஷ் இருக்கும், அது குளோராக்ஸுக்கு அசையாது, லேசாகத் தேய்த்துவிட்டுக் கறுப்புப் பளபளப்பு அடித்து அதன்மேல் அல்கிளாட் உலோக நிறப் பெயிண்ட் அடித்தால் பழைய குரோமைவிட நன்றாக வரும். உங்கள் குரோம் நன்றாக இருந்தால் இதையெல்லாம் செய்யாதீர்கள். வேலை தேடிக்கொள்வதில் நமக்கெல்லாம் ஒரு ஆசை இருக்கிறது.


ஜெலுத்தோங்_கன்ப்ளா எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

பாகம் எண்ணியதில் ஒரு பக்கக் கண்ணாடிப் பிடியும் சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிற ஒரு மட் ஃபிளாப்பும் இல்லை, அவ்வளவுதான். பெட்டியில் லெஸ்னி என்று இருக்கிறது. சேசிஸை ஃபிரீசரில் வைத்தேன். மூன்று குறுக்குச் சட்டம் அழகாகக் கழன்றது, நாலாவது கழலாமல் கம்பியோடு உடைந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, மாமா பார்த்துவிட்டு "சேசிஸ் உடையாத லோரி ஏது, வெல்டிங் போடு" என்றார். உள்ளே ஒரு பித்தளைக் கம்பி வைத்து ஒட்டினேன். கண்ணாடி மேல் வைத்துத் தாள் சோதனை செய்ததில் பத்தும் தரையில் நிற்கிறது, பின் அச்சில் ஒன்று மட்டும் முதலில் தூக்கியது, துணிக் கிளிப்பால் ராத்திரி முழுக்க அழுத்திப் பிடித்து வைத்தேன்.

பானெட்டைத் தேய்த்தேன். முதல் புட்டி மலையாகத்தான் குவித்தேன் செந்தூல் அண்ணே, சொல்லியும் கேட்கவில்லை, குழி விழுந்தது, மறுபடி செய்தேன். இப்போது பிரைமர் அடித்தால் தெரியவில்லை, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் டயர்த் தடத்தில் ஒரு கோடு தெரிகிறது. அதை விட்டுவிட்டேன். டெக்கால் ஜன்னலில் இருக்கிறது, சோதனை இன்னும் செய்யவில்லை அக்கா, முறுக்குக் கதை படித்ததிலிருந்து பயம்.

இஞ்சினைத் தொடவில்லை. சேசிஸில் அப்படியே உட்கார வைத்தாயிற்று. மாமா கிட்டே போய்க் குனிந்து பார்த்து, அந்த முடியைப் பார்த்துவிட்டு, "இதை யாரு இப்படி அடிச்சது" என்றார். நீங்கதான் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி, டிரெய்லர்கார அங்கிளுக்கு. காற்றுக் குழாய்க்குப் பழைய லேன் கேபிளை வெட்டினேன், உள்ளே நீல வயர் இருக்கிறது, சிவப்புக்குப் பழைய சார்ஜர் கேபிள். மாமா பார்த்துவிட்டு "குழாயா அது, பிறை ஆற்றுக்குக் குறுக்கே போடுற பைப் மாதிரி இருக்கு" என்கிறார். முதலில் இரண்டையும் கறுப்பாகப் போடலாம் என்றேன், அதற்கும் திட்டு, ஒரே கலரில் போட்டால் எவனாவது மாற்றி மாட்டிவிடுவானாம். என்ன அளவு, எந்தக் கலர்?


பழைய_டிரெய்லர்காரன் எழுதியது:

மாமா சொல்வது சரி, நாங்கள் இருட்டில், மழையில் மாட்டுகிறவர்கள், கலர்தான் கண். சிவப்பு எமர்ஜென்சி, அது கழன்றால் டிரெய்லர் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று சர்வீஸ், நீங்கள் மிதிக்கிற பிரேக். அமெரிக்கா வண்டி என்றால் அது நீலம். ஆகக் கலர் சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். அளவை மாடல் செய்கிறவர்கள் சொல்லட்டும், நிஜக் குழாய் அரை அங்குலம் சுமாருக்கு இருக்கும்.


செந்தூல்_ஸ்டைரீன் எழுதியது:

அந்த நீல வயர் உறையோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இருக்கும். 25-ஆல் பெருக்கினால் ஒரு அங்குலம், மாமாவின் கண்ணில் கோளாறே இல்லை. உறையை உரித்துவிடுங்கள், உள்ளே இருக்கிற செம்பு அரை மில்லிமீட்டர், அது நிஜத்தில் பன்னிரண்டரை, அங்கிள் சொன்ன அரை அங்குலத்துக்குச் சரியாக வருகிறது. சார்ஜர் கேபிளைத் தூக்கிப் போடுங்கள், அதில் நூல் நூலாக இருக்கும், குழாயைச் சுருளாகச் சுற்றினால் நிற்காது. லேன் கேபிள் செம்பையே இரண்டு துண்டு எடுத்து ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். முதலில் சுற்றிவிட்டு அப்புறம் பெயிண்ட் அடியுங்கள், அடித்துவிட்டுச் சுற்றினால் உரியும். சுற்றுவதற்குச் சாத்தே குச்சி சரியான தடிமன், சாப்பிட்டதும் நன்றாகக் கழுவிவிட்டு, நெருக்கமாகப் பதினைந்து சுற்று, அப்புறம் இரண்டு முனையையும் பிடித்து லேசாக இழுத்தால் போதும்.